ஏழரைச் சனியும் அடுத்த அமர்வும்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் பயிற்சி ஆலோசகராக இருக்கிறேன். உயர்நிலை 4 பையன் பள்ளிக்குப் போக மறுக்கிறான். 'ஏழரைச் சனி' என்கிறார் பாட்டி. மனத்தில் உள்ளதை அப்பாவிடமே நேராகச் சொல் என்றேன், சொன்னான். அப்பா எழுந்து போய்விட்டார். அடுத்த அமர்வுக்கு யாரும் வரவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: நேருக்கு நேர் பேசவைப்பது, சால்வடார் மினூச்சினின் அமைப்புசார் குடும்பச் சிகிச்சையில் பிறகு வரும் படி. குடும்பத்தோடு இணைவது, அதாவது அந்த வீட்டில் யார் சொல் எடுபடுமோ அவரை மதித்து உள்ளே போவது, அதற்கு முந்தியது. அதைத் தாண்டிவிட்டீர்கள். தன்னைப் பெற்ற தாயும் வெளியாளும் பார்த்திருக்க மகன் குறை சொன்னால், அப்பாவுக்கு மரியாதை போனதாகத்தான் படும்.

முதலில் அப்பாவுக்கு நீங்களே போன் செய்யுங்கள்; பையனிடம் சொல்லி அனுப்பாதீர்கள். "அன்று உங்களைச் சங்கடப்படுத்திவிட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, அரை மணி நேரம் அவரை மட்டும் சந்தியுங்கள்.

குடும்பமாக வரும்போது பாட்டியிடம் தொடங்குங்கள். பேரன் கையில் கறுப்புக் கயிறு இருந்தால், யார் கட்டியது, எப்போது என்று கேளுங்கள். சனியை நம்புவதாக நடிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். கட்டத்துக்கு இரண்டரை ஆண்டாக மூன்று கட்டம் அது. எப்போது பிடித்தது, அப்போது வீட்டில் வேறென்ன நடந்தது என்று கேட்டால், தாத்தா இறந்ததோ அப்பாவின் ஷிஃப்ட் மாறியதோ தானாக வெளிவரும்.

பிரச்சினையை ஆளிடமிருந்து பிரித்துப் பேசுவது, குடும்பச் சிகிச்சையாளர்கள் மைக்கேல் ஒயிட்டும் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த முறை. பாட்டி அதைத்தானே செய்திருக்கிறார்? அவர் கணக்கில் பேரன் சோம்பேறி இல்லை! "சனி இருந்தும் அவன் பள்ளிக்குப் போன நாள் எது? அன்று காலை என்ன வித்தியாசம்?" என்று தொடருங்கள். 'சனி விலகட்டும், பார்க்கலாம்' என்று வீடு உட்கார்ந்துவிடும் ஆபத்து உண்டு. எள் விளக்கு ஏற்றட்டும். திங்கட்கிழமை காலை சீருடை போடுவதும் கூடவே நடக்கட்டும்.

அப்பாவைப் பற்றிப் பையனிடம் நேராகக் கேட்காமல், "அப்பா பேசாமல் இருந்தால் அம்மா என்ன செய்வார்?" என்று மூன்றாமவர் வழியாகக் கேளுங்கள். இத்தாலியின் மிலான் குடும்பச் சிகிச்சைக் குழுவினர் உருவாக்கிய இந்தச் சுற்றுக் கேள்வி, பெரியவர்களை எதிர்த்துப் பேசாத நம் வீடுகளுக்கு அழகாகப் பொருந்தும்.

அடி உதையோ தற்கொலைப் பேச்சோ தெரிந்தால் மட்டும் சுற்றி வளைக்காதீர்கள். நேராகக் கேட்டு, அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

அப்பாவும் மகனும் பேசும் கட்டம் அப்புறம் வரட்டும். அதற்கும் அப்பாவிடம் முன்பே தனியாக அனுமதி கேளுங்கள். பையன் குறையில் தொடங்காமல் உதவி கேட்டுத் தொடங்கட்டும்: "அப்பா, காலையில என்னை எழுப்பி விடுறீங்களா?"