இந்த வருஷம் நீங்க படிச்சதுல பிடிச்ச திகில் புத்தகம் எது? சின்னப் பதிப்பகங்கள்ல தேடினா கிடைக்குமா?

கிடைக்கும். ஆனா கேள்விக்குக் கீழ "தமிழ்ல உருப்படியான திகில் இல்ல, அதான் இங்கிலீஷ்ல தேடறேன்"னு ஒரு வரி போட்டிருக்கீங்களே, அதுதான் என்னை வேலையெல்லாம் விட்டுட்டு டைப் பண்ண வச்சிருக்கு. நீங்க சிங்கப்பூருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்னு நினைக்கிறேன். பெரிய கடைக்குப் போயிருப்பீங்க, ஹாரர் ஷெல்ஃப்ல ஸ்டீபன் கிங்கைத் தாண்டி ஒண்ணும் கண்ணுல பட்டிருக்காது, சரிதானே?

எனக்குப் பிடிச்சது 'கர்ஸ்ட் பன்னி'. கொரிய எழுத்தாளர் போரா சுங் எழுதினது, இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தது ஆன்டன் ஹர். 2021ல வந்த புத்தகம், நான் இந்த வருஷம்தான் படிச்சேன், அதுக்காக யாரும் சண்டைக்கு வராதீங்க. போட்டது ஹான்ஃபோர்ட் ஸ்டார்னு கிழக்காசிய எழுத்துக்குன்னே இருக்கற ஒரு குட்டிப் பதிப்பகம். 2022ல சர்வதேச புக்கர் விருதுக் குறும்பட்டியல் வரைக்கும் போச்சு. முதல் கதையில டாய்லெட்டுக்குள்ளேருந்து ஒரு தலை எட்டிப் பாத்து "அம்மா"ன்னு கூப்பிடும். அதைப் படிச்ச ராத்திரி எங்க வீட்டுக்காரர் "பாத்ரூம் போக என்னை எழுப்பாத, சொல்லிட்டேன்"னாரு. ஆனா என்னை நிஜமா ஆட்டிப் பாத்தது தலைப்புக் கதைதான். நல்ல சாராயம் காய்ச்சற ஒரு குடும்பத்தைப் பத்தி, போட்டிக் கம்பெனிக்காரன் தொழிற்சாலை ஆல்கஹால் கலக்கறாங்கன்னு வதந்தி கிளப்பி ஒண்ணுமில்லாம ஆக்கிடறான். பழிவாங்க ஒரு முயல் விளக்கைச் செஞ்சு அந்தக் கம்பெனிக்குள்ள அனுப்பறாங்க, அது முதல்ல காகிதத்தைத்தான் கொறிக்கும். ரத்தம், அலறல் ஒண்ணும் வேணாம், ஆபீஸ் ஃபைல் ஓரத்துல பல்லு பட்ட தடம் போதும் எனக்கு.

இதை இங்க ஒரு வாசகர் வட்டத்துல, ஆளாளுக்கு இந்த வருஷம் பிடிச்ச புத்தகத்தைச் சொல்லுங்கன்னப்போ, தூக்கிக் காட்டினேன். ஒரு பெரியவர் சிரிச்சிக்கிட்டே "பேய்க்கதையெல்லாம் பஸ்ல படிக்கறதும்மா, இங்க இலக்கியம் பேசலாம்"னாரு. அப்போ 'காஞ்சனை' எழுதின புதுமைப்பித்தன் என்ன பஸ்ஸுக்கா எழுதினாருங்க ஐயான்னு கேட்டேன். "அது வேற"ன்னாரு. என்ன வேறன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு. பெரியவங்களை எதிர்த்துப் பேசறேன்னு யாராவது கீழ வந்து எழுதுவீங்க, தெரியும், மரியாதையாத்தான் கேட்டேன். சீனர்களோட பேய் மாசமான ஏழாம் மாசம் கெத்தாய்னு பாட்டுக் கச்சேரி மேடை போட்டா முன்வரிசை நாற்காலியை 'அவங்களுக்கு'ன்னு காலியா விடற ஊரு இது. ரஸ்ஸல் லீயோட சிங்கப்பூர் பேய்க்கதைங்க 1989லேருந்து வருது, என்கூடப் படிச்சவங்க பாதிப்பேர் பள்ளிக்கூடப் பைக்குள்ள அதுதான் இருக்கும். அந்த ஊர்ல திகிலுக்கு மட்டும் இலக்கியத்துல நாற்காலி கிடையாதாம்.

சின்னப் பதிப்பகம்னதும் ஞாபகம் வருது, சென்னையிலேருந்து ஒரு தொகுப்பு வரவழைச்சேன், தபால் செலவே புத்தக விலையைத் தாண்டிடுச்சு, அது கூடப் பரவால்ல. கொண்டு வந்த ஆளு பெல் கூட அடிக்காம கோரிடோர்ல செருப்பு ரேக் மேல வச்சு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான். சாயங்காலம் சாரல் அடிச்ச மழையில அட்டை ஊறி உப்பிப் போச்சு. புகார் பண்ணா "போட்டோவுல காஞ்சிதானே இருக்கு"ன்னு பதில் வருது. போட்டோ எடுக்கும்போது மழையே ஆரம்பிக்கலையே! கண்டோல, அதான் காவலாளி இருக்கற தனியார் அடுக்குமாடியில, இருக்கறவங்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் புரியாது, விடுங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். சென்னையில பிளாஃப்ட்னு ஒரு சின்னப் பதிப்பகம் இருக்கு. 2008லேயே தமிழ் பல்ப் கதைகளை, அதான் மலிவு விலை மசாலாக் கதைகளை, இங்கிலீஷ்ல தொகுத்துப் போட்டாங்க, இந்தியப் பேய் பூதங்களைப் பத்தி ஒரு கனமான புத்தகமும் போட்டிருக்காங்க. இங்கிலீஷ்லதான் படிப்பேன்னு அடம்பிடிச்சா அதுலேருந்தாவது ஆரம்பிங்க. அமெரிக்காவுல வாலன்கோர்ட்னு ஒண்ணு, மறந்துபோன பழைய திகில் நாவல்களைத் தேடிப்பிடிச்சு மறுபதிப்பு போடறாங்க. நம்ம ஊரு வாரப் பத்திரிகை, மாத நாவல் பழசையெல்லாம் அப்படி ஒருத்தர் கிளறினா எவ்வளவு கிடைக்கும்! 'காஞ்சனை'யை மட்டும் தமிழ்லயே படிங்க, ராத்திரி அந்த வாசனை வர்ற இடத்துக்கு எந்த மொழிபெயர்ப்பும் ஈடு கிடையாது.

தமிழ்ல இப்போ வந்த நல்ல திகில் சிறுகதைத் தொகுப்பு தெரிஞ்சவங்க கீழ பேரைச் சொல்லுங்க, வாங்கிக்கறேன். பங்களா, மந்திரவாதி, தாயத்து இருந்தா வேணாம்.