வரவேற்பறைக்கு வந்த வகுப்பறை: வாசகர் கேள்வி-பதில்

தொடக்கநிலை 6 பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் மாதத்தில் வாய்மொழித் தேர்வு நடக்கும் நாள்களில், மற்ற வகுப்புப் பிள்ளைகளை வீட்டிலிருந்தே கற்கச் சொல்வது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. அந்த நாள்களை ஒட்டி வந்த கடிதங்களுக்கே இம்முறை பதில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஆகவே எந்தக் கேள்விக்கும் என் பதிலில் தமிழ் வகுப்பே முன்னால் வந்து நிற்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*கேள்வி: என் மகள் தொடக்கநிலை 2-இல் படிக்கிறாள். வீட்டிலிருந்து கற்கும் நாளில் தமிழுக்கென வந்த பயிற்சியை இருபதே நிமிடத்தில் முடித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். பள்ளியில் ஒரு மணி நேரம் நடக்கும் பாடம் வீட்டில் எப்படி இருபது நிமிடமாகச் சுருங்குகிறது? ஆசிரியர்கள் வேலையைக் குறைத்துக்கொள்கிறார்களா? (ஒரு தாய், செங்காங்)*

ஆசிரியர்கள்மீது பழி போடுவதற்கு முன், அந்த ஒரு மணி நேரத்தில் வகுப்பறையில் என்னதான் நடக்கிறது என்று பாருங்கள். 'சந்தை' என்பது பாடமென்று வைத்துக்கொள்வோம். நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஒருவர் காய்கறிக் கடைக்காரர், ஒருவர் மீன் கடைக்காரர், மற்றவர்கள் கையில் சொல்லட்டையும் காகிதப் பணமும் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் என்று பிரித்துவிடுவோம். மேசையை நகர்த்துவதில் ஐந்து நிமிடம், யார் கடைக்காரர் என்ற சண்டையில் இன்னோர் ஐந்து நிமிடம் கழிந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு பிள்ளையும் வாய்திறந்து பேசுவது மொத்தமாக இரண்டு, மூன்று நிமிடந்தான். மற்ற நேரமெல்லாம் அவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போது, தம் முறை வந்தால் என்ன சொல்வது என்று மனத்துக்குள் வாக்கியத்தைக் கட்டிப் பார்க்கிறார்கள், பக்கத்துப் பிள்ளை 'கத்திரிக்காய் ஒரு கிலோ தாருங்கள்' என்பதைக் கேட்டு அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். திரையில் அந்தக் காத்திருப்புக்கு வேலையே இல்லை. தன் முறைக்காக ஏழு நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பிள்ளை மூன்றாவது நிமிடத்தில் பென்சில் சீவப் போய்விடும். அதனால் ஆசிரியர் காத்திருப்பை நீக்கிவிட்டு, பிள்ளை தானே செய்யக்கூடிய பகுதியை மட்டும் அனுப்புகிறார். உங்கள் மகள் இருபது நிமிடத்தில் முடித்தது அந்தப் பகுதியைத்தான். அவளுக்குக் கிடைக்காமல் போனது பக்கத்துப் பிள்ளையின் குரல். அதை ஆசிரியர் எத்தனை பயிற்சித்தாள் அனுப்பினாலும் ஈடுசெய்ய இயலாது.

இதை நான் கற்றுக்கொண்டது அடிபட்டுத்தான். பள்ளிகள் மூடப்படுவது சிங்கப்பூருக்குப் புதிதன்று. 2003-இல் சார்ஸ் காலத்திலும், 2015 செப்டம்பர் 25-ஆம் தேதி புகைமூட்டத்தின்போதும் தொடக்கப்பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் கொவிட்-19 பரவிய 2020 அப்படியன்று. ஏப்ரல் 1 முதல் வாரத்துக்கு ஒருநாள் வீட்டிலிருந்து கற்றல் என்று தொடங்கி, ஒரே வாரத்தில், ஏப்ரல் 8-ஆம் தேதி, எல்லாப் பள்ளிகளும் முழுமையாக வீட்டுக்கு மாறின. முதல்நாள் நான் செய்த தவறு, வகுப்பறையை அப்படியே பெயர்த்துத் திரைக்குள் வைக்க முயன்றது. பத்தொன்பது பிள்ளைகளையும் ஒன்றாக வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். இணையத்தில் ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு கணத்தில் வந்து சேரும் என்பது எனக்குத் தெரியாது. வாசிப்பு, திருவிழாக் கூட்டத்து இரைச்சலாகிவிட்டது. மறுநாளே, வெளியாள்கள் பாடத்தில் ஊடுருவிய சம்பவங்களை அடுத்து, ஸூம் செயலியைப் பயன்படுத்துவதைக் கல்வி அமைச்சு நிறுத்திவைத்தது. சில நாள்களில் கூடுதல் பாதுகாப்புடன் அது திரும்பி வந்தது என்றாலும், நேரலை இல்லாத அந்தச் சில நாள்களில்தான் பிள்ளையிடம் ஒரு சிறு வேலையைக் கொடுத்துவிட்டு விலகி நிற்கப் பழகினேன். அந்த நாள்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரக் கற்றல், அதில் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே திரை என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பாக இருந்தது. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்றால், தமிழின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மீதி நாற்பது நிமிடத்தில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: அந்தச் சந்தையை நீங்கள் போடுங்கள். நீங்கள் வாடிக்கையாளர், அவள் கடைக்காரர். பேரம் பேசத் தவறாதீர்கள்.

*கேள்வி: எங்கள் வீட்டில் ஆங்கிலமே அதிகம். மகன் தொடக்கநிலை 4. தமிழை ஓரளவு வாசிக்கிறான், எழுதுகிறான், ஆனால் பேசச் சொன்னால் இரண்டு சொற்களுக்குமேல் வருவதில்லை. வீட்டிலிருந்து கற்கும் நாள்களில் நிலைமை இன்னும் மோசம். துணைப்பாட வகுப்பில் சேர்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா? (வாசகர், ஈசூன்)*

நீங்கள் தனி ஆள் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினரே. ஆங்கிலம் என்றவர்கள் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர். (இந்தியர் என்ற கணக்கில் தமிழரல்லாதோரும் உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது.) உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்குப் பள்ளியின் தமிழ் வகுப்புதான் தமிழ் ஒலிக்கும் ஒரே இடம். அந்த இடமும் ஒருநாள் வீட்டுக்கு வந்துவிட்டால், வகுப்பும் போய்விடுகிறது, வீட்டிலும் தமிழ் இல்லை. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இந்தச் சிக்கல் இந்த அளவுக்குக் கிடையாது.

வழி உண்டு, அதற்குப் பெரிய செலவும் இல்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாடும் பகுதி இருப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதற்கான பயிற்சியை நான் வகுப்பில் இப்படித் தொடங்குவேன்: ஏதேனும் ஒரு சிறு காணொளியை ஒலியில்லாமல் ஓடவிட்டு, விளையாட்டுப் போட்டிக்கு வருணனை சொல்வதுபோலப் பிள்ளையைச் சொல்லச் சொல்வது. 'பையன் ஓடுறான். பை விழுந்திடுச்சு. அவன் பார்க்கல' என்று பேச்சுத் தமிழில் சொன்னால் போதும், திருத்தாதீர்கள். மூன்றாவது முறை ஓடும்போது, 'ஏன் பார்க்கவில்லை?' என்று மட்டும் கேளுங்கள். 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பிள்ளை வாக்கியத்தை நீட்டியே ஆகவேண்டும். நடந்ததைச் சொல்வதிலிருந்து காரணம் சொல்வதற்கு நகர்வதுதான் தொடக்கநிலை 4-இல் பிள்ளைகள் தாண்டத் திணறும் படி.

இன்னொன்று, குரல் பதிவு. 2018-இல் அறிமுகமான, கல்வி அமைச்சின் இணையத்தளமான மாணவர் கற்றல் தளத்தில் பிள்ளை தன் குரலைப் பதிவுசெய்து ஆசிரியருக்கு அனுப்ப முடியும். வகுப்பில் ஓராண்டு முழுவதும் கைதூக்காத ஒரு மாணவி, 2020 ஏப்ரலில் எனக்கு அனுப்பிய முதல் பதிவு நான்கு நிமிடம் நீண்டது. தன் பாட்டி இட்லி மாவு அரைப்பதைப் பற்றி, பின்னணியில் அரைக்கும் சத்தத்தோடு சொல்லியிருந்தாள். ஆறு முறை அழித்து அழித்துப் பதிவுசெய்ததாக அவள் தாயார் பிறகு சொன்னார். வகுப்பறையில் அந்த ஆறு முறைக்கு இடமில்லை. அங்கே முதல் முயற்சியே எல்லார் காதிலும் விழுந்துவிடும். தொலைக்கற்றலைக் குறை சொல்பவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன், ஆயினும் இந்த ஒன்றை அது எனக்குக் கொடுத்தது என்பதை மறைக்க மாட்டேன். உங்கள் மகனுக்குத் தளத்தில் அப்படியொரு பயிற்சி வராத நாளில், உங்கள் கைத்தொலைபேசியிலேயே பதிவுசெய்யச் சொல்லுங்கள். வேண்டாததை அழிக்கும் உரிமையை அவனிடமே விட்டுவிடுங்கள்.

ல, ள, ழ உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சொல். திரையில் ஆசிரியரின் வாய் பெரிதாகத் தெரியும்; நாக்கு எங்கே மடிகிறது என்பதைப் பிள்ளை அருகிலிருந்து பார்க்கலாம். பள்ளிகள் திறந்தபின் முகக்கவசத்தோடு பாடம் நடத்தியபோதுதான் அந்த வசதியின் அருமை எனக்குப் புரிந்தது; வகுப்பறையில் முகக்கவசம் கட்டாயமில்லை என்ற நிலை 2022 ஆகஸ்ட் 29-ஆம் தேதிதான் வந்தது. ஆனால் மலிவான ஒலிவாங்கி இந்த மூன்று எழுத்தையும் ஒன்றாக்கிவிடும் என்பதால், பிள்ளை சொல்வதைச் சரிபார்க்கும் வேலை மட்டும் நேரில்தான் நடக்கவேண்டும். 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சறுக்கி வழுக்கி விழுந்தான்' என்பதை நீங்களும் அவனோடு சேர்ந்து சொல்லுங்கள். உங்களுக்கே தடுமாறினால் அவனுக்குக் கொண்டாட்டம்.

துணைப்பாட வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒன்றரை மணி நேரம் அங்கே போய், மற்ற ஆறு நாளும் தமிழைக் கேட்காமல் இருப்பதில் பயன் குறைவு.

*கேள்வி: எனக்கு வயது 71. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டிலிருந்து கற்கும் நாளில் பேரனோடு நான்தான் இருக்கிறேன். கணினி எனக்குத் தெரியாது, ஆங்கிலமும் கொஞ்சந்தான். என்னால் அவனுக்கு இடைஞ்சலோ என்று தோன்றுகிறது. (பிடோக் தாத்தா)*

ஐயா, தமிழ் ஆசிரியைக்குக் கிடைத்தற்கரிய உதவியாளர் நீங்கள். மறைச்சொல்லை மகளிடம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று என்னென்ன பாடம் என்பதையும் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணினியைத் தொடும் வேலை பேரனுடையது. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும், 'எனக்குப் புரியவில்லை, தமிழில் சொல்லிக் கொடு' என்று கேளுங்கள்; அது பொய்யும் ஆகாது. அறிவியல் பாடத்தில் பச்சைப்பயறு முளைவிடுவதைத் தாத்தாவுக்குத் தமிழில் விளக்க முயலும் பிள்ளை, வேர், தண்டு, முளை என்ற சொற்களை உங்களிடமிருந்தே பெற்றுக்கொள்வான். பயறு ஊறவைப்பதிலும் உங்களைவிட அனுபவசாலி அந்த வீட்டில் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

*கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியில் தமிழ் இல்லை. தமிழுக்காக வேறொரு பள்ளிக்குப் போய்வருகிறாள். பேருந்திலேயே நேரம் போகிறது. இத்தனை தொழில்நுட்பம் வந்தபின்னும் இந்த வகுப்பை நிரந்தரமாக இணையத்துக்கு மாற்றினால் என்ன? (பெற்றோர், புக்கிட் பாத்தோக்)*

களைப்பு எனக்குப் புரிகிறது, ஆனாலும் உங்களோடு உடன்பட மாட்டேன். தன் பள்ளியில் தமிழ் பேச ஆளில்லாத பிள்ளைக்கு, தமிழ் படிக்கும் மற்ற பிள்ளைகளை அடுத்தடுத்த நாற்காலியில் பார்க்கும் வாய்ப்பு அந்தப் பயணத்தால்தான் வருகிறது. பாடத்தை இணையத்தில் தரலாம். இடைவேளையில் பண்டத்தைப் பகிர்ந்துகொண்டு, 'ஏய், இதுக்குத் தமிழ்ல என்னா?' என்று கேட்கும் தோழியை அதில் தர முடியாது. மழைநாளிலோ பிள்ளை லேசான சளியோடு இருக்கும்போதோ இணையவழியில் சேர்ந்துகொள்ள இடமிருந்தால் நல்லது. அதை மட்டும் வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

*கேள்வி: பாடத்துக்காகத் திரையைப் பார்ப்பதும் திரை நேரக் கணக்கில் சேருமா? (வாசகி, தெம்பனிஸ்)*

2025 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் வழிகாட்டுதல்படி, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும். பள்ளிப் பாடம் அதில் சேராது. ஆனால் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பாடம் முடிந்ததும் கீழ்த்தளத்துக்கோ விளையாட்டுத் திடலுக்கோ அழைத்துப் போங்கள்.

*கேள்வி: இணைய வகுப்பில் மகன் முகத்தைக் காட்ட மறுக்கிறான். படக்கருவியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறான். கட்டாயப்படுத்தலாமா? (தாய், உட்லண்ட்ஸ்)*

முதலில் காரணத்தைக் கேளுங்கள். பின்னால் துணி காயப்போட்டிருப்பது, தம்பி ஓடுவது, மூவறை வீட்டில் நான்கு பேர் வேலைபார்ப்பது இவையெல்லாம் பிள்ளைகளுக்கு வெட்கத்தைத் தரும். சுவர் தெரியும் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தபின்னும் மறுத்தால், முகத்துக்குப் பதில் குரலையாவது தரும்படி அவனிடம் பேசுங்கள். ஆசிரியரிடமும் இதைச் சொல்லிவைப்பது நல்லது. 2020-இல் என் வகுப்பில் ஒரு பையனின் திரைச்சட்டத்தில் மூன்று வாரமும் சுழலும் மின்விசிறி மட்டுந்தான் தெரிந்தது. நான் பாடத்தை விடுகதையோடு தொடங்குவது வழக்கம். 'அடிக்காமல் திட்டாமல் கண்ணீரை வரவழைப்பாள், அவள் யார்?' என்று ஒருநாள் கேட்டு முடிப்பதற்குள், அந்த மின்விசிறியிலிருந்து 'வெங்காயம்!' என்று பதில் வந்துவிட்டது.