பாட்டின் உரிமையைக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டமைத்து வருகிறேன். என் பாடல் ஒன்றை வெளியிட முன்வந்துள்ள நிறுவனம், முழு உரிமையையும் எழுதித் தரும்படி கேட்கிறது. நாட்டுப்புறச் சாயல் கொண்ட ‘கன்ட்ரி’ இசையைப் பாடும் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனின் வரலாற்றைப் படித்துவிட்டு முடிவெடு என்கிறார் என் இசையாசிரியர். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்கள் ஆசிரியர் சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறார். டாலி பார்ட்டன் 1946இல் டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில், பன்னிரண்டு பிள்ளைகளுள் நான்காவதாகப் பிறந்தவர். பிரசவம் பார்த்த மருத்துவருக்குக் கொடுக்கக் காசில்லாமல் அவருடைய தந்தை ஒரு மூட்டை சோளமாவைக் கொடுத்தார் என்றால் வீட்டு நிலையைப் புரிந்துகொள்ளலாம். 1964இல் பள்ளிப் படிப்பை முடித்த மறுநாளே கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகருக்குப் புறப்பட்ட டாலி, பாடகியாகப் பெயரெடுப்பதற்கு முன்பே தாய்மாமன் பில் ஓவன்ஸுடன் சேர்ந்து பிறருக்குப் பாட்டெழுதினார். தங்கள் பாடல்களுக்கென்று இருவரும், பாடல் உரிமைகளை நிர்வகிக்கும் ஒரு பதிப்பு நிறுவனமும் தொடங்கினர். இந்த முன்யோசனைதான் பின்னாளில் கைகொடுத்தது.

1967இல் கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். சுற்றுப்பயணப் பேருந்தில் ஒரு பாட்டு மனத்தில் உதித்தபோது கையில் தாள் இல்லை. வாகனரின் உடையைச் சலவைக்குப் போட்ட ரசீதின் பின்புறத்திலேயே எழுதிவிட்டார். கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டு அம்மா தைத்துக் கொடுத்த சட்டையைப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்ததைச் சொல்லும் அந்தப் பாடல் 1971இல் வெளிவந்தது. அவர் எழுதியவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுவே.

உங்களுக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. வாகனரிடமிருந்து பிரிந்து செல்ல முடிவெடுத்தபோது, அவருக்குப் பிரியாவிடை சொல்லி டாலி எழுதிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ 1974இல் கன்ட்ரி பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதைத் தாமும் பாட விரும்பினார் புகழ்பெற்ற ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. ஆனால் எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர், பாடலின் பதிப்புரிமையில் பாதியைத் தந்தால்தான் பதிவு நடக்கும் என்றார். எல்விஸ் பாடுவதென்பது எந்தப் பாடலாசிரியருக்கும் கிடைத்தற்கரிய வாய்ப்பு. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு அன்றிரவு முழுதும் அழுததாக டாலியே கூறியிருக்கிறார். 1992இல் ‘தி பாடிகார்ட்’ திரைப்படத்துக்காக பாடகி விட்னி ஹூஸ்டன் அதே பாடலைப் பாடியபோது, அது அமெரிக்கப் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பாடியவர் வேறொருவராயினும், எழுதியவருக்குரிய உரிமத்தொகை டாலியையே சேர்ந்தது.

ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் உண்டு: வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியது ஒன்று, ஒலிப்பதிவுக்கு உரியது மற்றொன்று. பதிவுக்குப் பணம் போடும் நிறுவனம் இரண்டாவதைக் கேட்பதில் நியாயமுண்டு. முதலாவதையும் சேர்த்துக் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய பாடல் உங்கள் ஆயுள் முழுவதும், அதன்பின் 50 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகிறது. அந்த உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவதானால் அது எழுத்தில் இருந்தாக வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. ஆகவே ஒலிப்பதிவின் உரிமையை மட்டும் தந்து, வரிகளையும் மெட்டையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த அனுமதி வழங்கும்படி ஒப்பந்தத்தை மாற்றித் தரக் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், பதிப்புரிமை அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.