கல்லூரிக் கலைவிழாவுக்கும் தடகள அணிக்கும் பணம் திரட்ட யாரைப் போய்க் கேட்பது?

கேட்டிருப்பவர் சென்னையில் இரண்டாம் ஆண்டு மாணவர். முப்பது நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்கிறார். வராது. 2010இல் நானும் இதே வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு அலைந்தவன்.

எங்களுக்கு ஒரு நிறுவனம் 40,000 தருவதாகச் சொன்னது. நம்பி பேனரில் அவர்கள் பெயரைப் பெரிதாக அச்சடித்தோம். விழா அன்று காலை பணத்துக்குப் பதில் இரண்டு அட்டைப்பெட்டி நிறையத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. பேனர்காரருக்குக் கூப்பனையா கொடுக்க முடியும்?

அப்புறம்தான் தெருவில் இறங்கினோம். திருவல்லிக்கேணியில் நாங்கள் தினமும் போகும் டீக்கடை. கடைக்குப் பின்னால் பழைய பேப்பரைக் கொளுத்தித்தான் எங்கள் பறை அணி பறை காய்ச்சும். மார்கழிப் பனியில் தோல் தொய்ந்து 'தொப் தொப்' என்று கிடக்கும். தீயில் காட்டிக் காட்டி விரலால் சுண்டிப் பார்ப்பான் நண்பன். சத்தம் கணீரென்று எழும்பியதும் அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் எடுப்பான். ஒருநாள் ஒரு பறையின் தோல் கிழிந்துவிட்டது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், "புதுத் தோல் எவ்ளோப்பா?" என்று அவராகவே கேட்டார். விலையைச் சொன்னோம், கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். 'கலைவிழா ஸ்பான்சர்' என்று போய் நின்றிருந்தால் பத்து ரூபாய்கூடக் கிடைத்திருக்காது.

அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. பணம் வேண்டும் என்று கேட்காதீர்கள், பொருளைக் கேளுங்கள்.

விளையாட்டுக்கும் அதே கதைதான். சென்னைப் பல்கலைக்கழகம் ஏ.எல். முதலியார் (லட்சுமணசாமி முதலியார்) பெயரில் நடத்தும் தடகளப் போட்டிக்கு எங்கள் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் தேர்வாகியிருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே ஜோடி ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி. பழைய மாணவர் ஒருவர் மயிலாப்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள், போனேன். சுவரில் அவருடைய பட்டச் சான்றிதழ், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கையெழுத்து அதே லட்சுமணசாமி முதலியார். முதலியார் 1942இலிருந்து 1969 வரை, 27 வருஷம் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். "நீங்க வாங்கின பட்டத்துல கையெழுத்துப் போட்டவர் பேர்லதான் சார் போட்டி" என்றேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஷூ என்ன சைஸு?"

எனக்குத் தெரியவில்லை. மானம் போயிற்று. திரும்பிப் போய், தாளில் மூன்று பேரின் பாதத்தையும் வரைந்து எடுத்துக்கொண்டு மறுநாள் வந்தேன். பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைக்கு அவரும் கூடவே வந்து, கடைக்காரரிடம் பேரம் பேசி, மூன்று ஜோடி வாங்கிக் கொடுத்தார். சிந்தெட்டிக் ஓடுதளத்தில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே அந்தக் கடையில்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் போவதற்கு முன்பே உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

பதக்கம் எதுவும் வரவில்லை. ஆனாலும் போட்டி முடிந்த அன்று சாயங்காலமே அவருக்குப் போன் போட்டு யார் எத்தனையாவதாக வந்தார்கள் என்று சொன்னேன். அடுத்த வருடம் ரிலே பேட்டன் வேண்டுமென்று கேட்கப் போனபோது காபி கொடுத்துத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

கணக்கு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஐம்பது ரூபாய்க்கும் ரசீது கிழித்துக் கொடுங்கள். வசூலிப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். உங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு, நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் பதிவு (80ஜி என்பார்கள்) இருந்தால், பெரிய தொகையை அதன் வழியாகவே வாங்குங்கள். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அதில் கழிவு உண்டு. ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது கிடைக்காது, அதனால் காசோலையோ யூபிஐயோ கேளுங்கள்.

பெரியமேட்டுக்கு மட்டும் மத்தியானத்தில் போகாதீர்கள். வெயிலும் நெரிசலும் ஆளைக் கொன்றுவிடும்.