பழங்கால நாகரிகங்களின் எந்தத் தொழில்நுட்பம் இன்றும் அப்படியே பயன்பாட்டில் இருக்கிறது?

என் கடைவாயில் ஒன்று இருக்கிறது.

விளையாட்டாகச் சொல்லவில்லை. வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு உலோக கேப் போட்டார்கள். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். பல்லுக்கு அளவெடுத்து, மெழுகில் கேப்பைச் செதுக்குவார்களாம். அதைச் சுற்றிக் கூழ் போன்ற கலவையை ஊற்றி இறுகவிட்டு உலையில் வைத்தால், மெழுகு உருகி எரிந்துபோகும். உள்ளே மிஞ்சுவது கேப்பின் வடிவிலான வெற்றிடம். அதில் உருக்கிய உலோகத்தைச் செலுத்தி, ஆறியதும் கூட்டை உடைத்து எடுப்பார்கள். பல் மருத்துவத்தில் இதைப் பரவலாக்கியவர் சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் டாகார்ட், 1907-இல்.

இந்த மெழுகு வார்ப்பு வேலை என்னவோ மிகப் பழசு. மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த நடன மங்கை, சுமார் 10.5 செ.மீ. உயர வெண்கலச் சிலை, இப்படி வார்த்ததுதான். வயது ஏறக்குறைய 4,500. (அவள் ஆடுகிறாள் என்று எதை வைத்து முடிவு கட்டினார்களோ! இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மாதான் நிற்கிறாள்.) பலுசிஸ்தானின் மெஹர்கரில் கிடைத்த செம்புத் தாயத்து இன்னும் பழையது, சுமார் 6,000 ஆண்டு.

எனக்குப் பிடித்தது இதில் வரும் கரு, அதாவது உள்ளே வெற்றிடம் வேண்டிய இடத்தில் வைக்கும் கட்டி. பெரிய சிலையை முழுக்க வெண்கலமாக வார்த்தால் கனம், செலவு, ஆறும்போது விரிசல் வேறு. அதனால் கிரேக்கர்கள் நடுவில் களிமண் கரு வைத்து, அதன்மேல் மெல்லிய மெழுகு பூசி, சிலையை உள்ளீடின்றி வார்த்தார்கள். ஜெட் எஞ்சினின் டர்பைன் இதழுக்கும் இதே தந்திரம்தான். இதழைச் சுற்றிப் பாயும் வாயுவின் சூடு, அந்த உலோகம் உருகும் வெப்பநிலையையே தாண்டிவிடும். உருகாமல் காப்பவற்றில் முக்கியமானது இதழுக்குள் காற்று ஓடும் மெல்லிய பாதைகள். அந்தப் பாதைகளின் வடிவில் பீங்கான் கரு வைத்து, சுற்றி மெழுகு, அதன்மேல் பீங்கான் கூடு. பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி, நிக்கல் கலப்புலோகத்தை ஊற்றுகிறார்கள். கருவைக் கடைசியில் காரக் கரைசலில் கரைத்துவிடுவார்கள். பொருள்கள் மாறின, வேலையின் வரிசை மாறவில்லை.

ரோமானியக் கான்கிரீட்டைப் பலர் சொல்வார்கள். நான் சேர்க்க மாட்டேன். ரோமிலுள்ள பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் குவிமாடம் கம்பியே இல்லாமல் சுமார் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது, சரிதான். ஆனால் அது சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும். நாம் கொட்டும் கான்கிரீட், 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமென்ட்டின் வழிவந்தது. பெயர்தான் ஒன்று.

மெசபடோமியர்கள் எண்ணுவதற்கு அடிப்படையாக வைத்த 60-ஐ வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் எண். மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்பதெல்லாம் அந்த வழியில் வந்தவை. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம் என்று சட்டமே போட்டார்கள். 1795-இல் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.