உலகக் கோப்பை ஊருக்கு வரும்போது ஆசிரியர்களுக்காக என்ன கேட்பது?

அன்புள்ள அம்மா,

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் எஸ்ஜிபியில், அதாவது பள்ளி ஆளுமைக் குழுவில், பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். 2027 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கான மைதானங்களில் நம் டர்பன் கிங்ஸ்மீடும் ஒன்று. விளம்பரதாரர்களோ கிரிக்கெட் சங்கத்தாரோ வந்து "பள்ளிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. பந்து, மட்டை, டிக்கெட் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆசிரியர்கள் மட்டும் வாயே திறக்கவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே உதவும்படி எதைக் கேட்கலாம்? எங்கள் ஊர்த் தமிழ்ச் சபையில் சனிக்கிழமை தமிழ் வகுப்பும் நடக்கிறது. அதற்கும் ஏதாவது வழி உண்டா?

அன்புடன்,
க., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள க. அவர்களுக்கு,

ஆசிரியர்கள் பேசாததற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு நன்கொடையும் யாரோ ஓர் ஆசிரியர் தலையில் ஒரு வேலையை ஏற்றிவைக்கிறது. பொருளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பூட்டி வைக்க இடம் தேட வேண்டும், புகைப்படத்துக்குப் பிள்ளைகளை நிறுத்த வேண்டும், நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அதனால் எதைக் கேட்பதானாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: இது ஆசிரியரின் வேலையைக் குறைக்குமா, கூட்டுமா? அப்படிப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது நேரம். அடுத்தது காகிதம். பந்தும் மட்டையும் அதற்குப் பிறகுதான்.

நேரம் ஏன் முதலில் என்பதற்கு நாட்காட்டியே போதும். 2010 கால்பந்து உலகக் கோப்பை இங்கே ஜூன் 11 முதல் ஜூலை 11 வரை நடந்தது. குளிர்கால விடுமுறையை நீட்டி, ஆட்டங்கள் முடியும்வரை பள்ளிகளை மூடிவிட முடிந்தது. 2027இல் அது நடக்காது. போட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருகிறது. மொத்தம் 54 ஆட்டங்களில் 44 நம் தென்னாப்பிரிக்காவில், எட்டு மைதானங்களில். மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வும் அதே வாரங்களில்தான். எட்டு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை ஆண்டிறுதித் தேர்வும் நவம்பரில். தேர்வு அறையில் நிற்பவர்களும் ஆசிரியர்கள், விடைத்தாள் திருத்துபவர்களும் ஆசிரியர்கள். ஆட்டம் நடக்கும் வாரத்தில் "பள்ளி விழா", "வீரர்கள் வருகை" என்று எதைக் கொண்டுவந்தாலும் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அது தொந்தரவுதான். உதவி எதுவானாலும் 2027 ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் வந்து சேர வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். மாதிரித் தேர்வு ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடும். அதன் பிறகு வருவதைப் பிரித்துப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

போட்டி அமைப்பாளர்களிடமும் மாநகராட்சியிடமும் கேட்க வேண்டியது இன்னொன்று. அதற்குப் பணமே தேவையில்லை. மெட்ரிக் வினாத்தாள்கள் காலை 9 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும். பள்ளி முதல்வர்கள் விநியோக மையத்துக்குப் போய் வினாத்தாளை எடுத்து வந்து, விடைத்தாளைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆட்ட நாளில் கிங்ஸ்மீடைச் சுற்றிச் சாலைகளை அடைத்தால் நகரின் நடுவிலுள்ள பள்ளிகள் மாட்டிக்கொள்ளும். தேர்வு வண்டிகளுக்கு ஓர் அனுமதிச் சீட்டும், அடைக்கும் சாலைகளின் பட்டியலும் இரண்டு வாரம் முன்பே வேண்டும். உங்கள் பள்ளிக்கு இது நேரடியாகத் தேவைப்படாமல் போகலாம். ஆனால் மற்ற எஸ்ஜிபிகளோடு சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள்.

இனி பயிற்சி. பெரிய போட்டி என்றால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்த யாராவது வருவார்கள். நல்லதுதான். ஆனால் கணக்குப் பாருங்கள். இரண்டு ஆசிரியர்கள் மூன்று நாள் போகிறார்கள், ஒருவருக்கு நாளைக்கு ஆறு பாடவேளை என்றால் 36 பாடவேளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ரிலீஃப் ஆசிரியர், அதாவது மாற்று ஆசிரியர், இல்லையென்றால் அந்தப் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் அடைப்பார்கள். போனவர் திரும்பி வந்து விட்ட பாடத்தை ஓட்டமாக ஓட்டுவார், போகாதவர்கள் அவர்மேல் வருத்தப்படுவார்கள். பயிற்சிக்குப் பணம் தருகிறவர் ரிலீஃப் சம்பளத்தையும் சேர்த்தே தர வேண்டும் என்பது உங்கள் முதல் நிபந்தனையாக இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய சேஸ் (ஆசிரியர்களைப் பதிவு செய்யும் தேசியக் கழகம்) பதிவு நடப்பில் இருக்கிறதா, குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் பெயர் இல்லை என்ற சான்றுகள் வந்துவிட்டனவா என்று முன்கூட்டியே சரிபாருங்கள். இந்தச் சான்றுகள் கைக்கு வர வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். கடைசி நேரத்தில் விண்ணப்பித்துத்தான் பல பள்ளிகள் தவறவிடுகின்றன.

பயிற்சி நடத்துபவரிடம் இன்னொரு கேள்வி: சேஸ் அங்கீகாரம் உண்டா, இந்தப் பயிற்சிக்கு எத்தனை புள்ளி? ஒவ்வோர் ஆசிரியரும் மூன்றாண்டுச் சுழற்சியில் 150 தொழில் வளர்ச்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அங்கீகாரமில்லாதவர் அழகாக அச்சிட்ட சான்றிதழ் தந்தாலும் அதற்குப் புள்ளி கிடையாது. அரசு விதிப்படி பள்ளி நேரத்துக்கு வெளியே ஆண்டுக்கு 80 மணி நேரம் வரை ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அழைக்கலாம் என்பது உண்மை. ஆனால் மெட்ரிக் ஆசிரியர்களின் சனிக்கிழமைகள் ஏற்கெனவே கூடுதல் வகுப்புகளில் போய்விடுகின்றன. மூன்று நாள் ஹோட்டல் முகாமைவிட, உங்கள் பள்ளி மண்டபத்திலேயே நான்கு பிற்பகல், தலா இரண்டு மணி நேரம் என்று வைப்பதே மேல். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் வரலாம்.

அங்கே என்ன கற்றுத்தர வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் உடற்கல்வி. அதை எடுக்கும் ஆசிரியர்கள் பலர் உடற்கல்வி படித்தவர்கள் அல்லர். நாற்பது பிள்ளைகளை ஒரு தார்த் தரையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது, தலையில் அடிபட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது, இவைதான் அவர்களுக்கு வேண்டும். கணித ஆசிரியர்களுக்கோ ஸ்கோர்கார்டு ஒரு புதையல். ஒரு சின்ன உதாரணம்: 47.3 ஓவரில் 285 ரன். பிள்ளைகள் 285ஐ 47.3ஆல் வகுத்து 6.03 என்பார்கள். 47.3 என்பது 47 ஓவரும் மூன்று பந்தும், அதாவது 47.5 ஓவர். விடை சரியாக 6. தசமம் எது, ஆறின் பின்னம் எது என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேச இந்த ஒரு வரி போதும். அன்றாடக் கணக்கைக் கற்றுத்தரும் மேத்தமேட்டிகல் லிட்டரசி வகுப்புக்கு டிக்கெட் விலைப் பட்டியலும் மைதான இருக்கை வரைபடமும் அப்படியே பாடமாகும். இத்தகைய பாடத்தாள்களை ஆசிரியர்களைக் கொண்டே எழுத வைத்து, அந்த உழைப்புக்குப் பணமும் தரும் விளம்பரதாரர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் பணம் கொடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அரசுச் சம்பளம் பெறும் ஆசிரியருக்குப் பள்ளி நிதியிலிருந்து கூடுதல் பணமோ பொருளாகப் பயனோ தர, பள்ளிச் சட்டத்தின் 38ஏ பிரிவுப்படி கல்வித் துறையின் ஒப்புதல் முன்பே வேண்டும். வெளியார் ஊதியம் தந்தாலும் அந்த ஆசிரியர் வெளிவேலைக்கான அனுமதி பெற்றிருக்க வேண்டும். "சிறந்த ஆசிரியர் பரிசு" என்று ஓர் உறையை மேடையில் கொடுத்துவிட்டு, பிறகு அந்த ஆசிரியர் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும்படி ஆகக் கூடாது. பள்ளி பட்ஜெட் முடிவாவதற்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே 38ஏ விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

நன்கொடைக் கடிதத்தின் வாசகத்தில் மிகக் கவனமாக இருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பள்ளிக்கு வந்த பணம் பயன்படாமல் முடங்குவது பெரும்பாலும் இங்கேதான். நன்கொடையாக வந்த பணத்தையும் பொருளையும், கொடுத்தவர் விதித்த நிபந்தனைப்படிதான் செலவிட வேண்டும் என்கிறது சட்டம். கடிதத்தில் "விளையாட்டுச் சாதனங்களுக்காக" என்று இருந்தால் அதில் ஒரு ரீம் காகிதம்கூட வாங்க முடியாது. "வகுப்பறைக் கற்பித்தல் பொருள்கள், நகலெடுப்பு, மாற்று ஆசிரியர் ஊதியம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்காக, எஸ்ஜிபியின் முடிவுப்படி" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் மறுப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. பள்ளி பொதுநல அமைப்பாக வருவாய்த் துறையான சார்ஸில் 18ஏ ஒப்புதல் பெற்றிருந்தால் கொடுப்பவருக்கு வரிக்கழிவுச் சான்றும் தரலாம். கறுப்பினத்தவரின் பொருளாதார மேம்பாட்டுக்கான பிஇஇ சட்டத்தின் புள்ளிகளுக்காக நிறுவனங்கள் சமூக மேம்பாட்டுக்கு ஒதுக்கும் தொகையும் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் "கறுப்பினத்தவர்" என்ற சொல் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் குறிக்கும். முழுப் புள்ளிக்குப் பயனாளிகளில் 75 சதவீதம் பேர் அப்படி இருக்க வேண்டும். உங்கள் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை ஒரு பக்கக் கடிதமாகத் தயாராக வையுங்கள்.

காகிதம் என்றேனே, அதன் அளவு இது. மெட்ரிக்கில் 150 பேர், ஆளுக்கு ஏழு பாடம், பாடத்துக்கு மூன்று பழைய வினாத்தாள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு பக்கம். இருபுறமும் அச்சிட்டால் ஆறு தாள். மொத்தம் 18,900 தாள். ஐந்து ரீம் கொண்ட பெட்டியில் 2,500 தாள் என்றால் எட்டுப் பெட்டி வேண்டும். கூடவே டோனரும், இயந்திரம் நின்றால் பழுதுபார்க்க ஒப்பந்தமும். சுற்றுவட்டாரத்தின் வசதியை வைத்து அரசு பள்ளிகளைப் பிரிக்கும் ஐந்து படிகளில் (குவின்டைல்), நம் பக்கத்துப் பள்ளிகள் பல வசதியானவை என்று நான்கிலும் ஐந்திலும் வைக்கப்பட்டவை. கட்டணம் வசூலிக்கலாம் என்று அரசு உதவி குறைகிறது, ஆனால் கட்ட முடியாத பெற்றோர் ஏராளம். காகிதம் தீர்ந்த மாதத்தில் ஆசிரியர்கள் தங்கள் பர்ஸிலிருந்துதான் வாங்குகிறார்கள். அதை நிறுத்தினாலே பெரிய உதவி.

விளையாட்டுச் சாமான் கேட்பதானால் ஒரு வகுப்புக்குக் கணக்காகக் கேளுங்கள். நாற்பது பிள்ளைகளுக்குக் காற்றடிக்கும் பந்து பத்து, நாற்பது கூம்பு, நான்கு நிறத்தில் பத்துப் பத்து மேலாடை, எட்டு பிளாஸ்டிக் மட்டை, இருபது டென்னிஸ் பந்து, இரண்டு பம்ப், பம்புக்குப் பத்து ஊசி, பூட்டுள்ள ஓர் இரும்புப் பெட்டி. தோல் பந்து வேண்டாம், தார்த் தரையில் கொஞ்ச நாளில் தையல் விட்டுவிடும். ஊசியை ஈரப்படுத்தாமல் செருகினால் வால்வு கிழியும், ஊசியும் முறியும். அதனால்தான் பத்து. தொலைந்தால் தன் தலையில் விழும் என்று பயந்து பெட்டியைத் திறக்காமலே வைத்திருக்கும் ஆசிரியர்கள் உண்டு. தேய்மானத்தையும் தொலைவதையும் எஸ்ஜிபி ஏற்கும் என்று ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்.

டிக்கெட் தந்தால் பேருந்தும் சாப்பாடும் சேர்த்துத் தரட்டும். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிடலாம். தொடக்கப் பள்ளியில் தேர்வு இல்லாத கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு அவை போய்ச் சேரட்டும். போட்டி முடிந்ததும் மேசை, நாற்காலி, அச்சு இயந்திரம் தருவோம் என்பார்கள். அவற்றில் பெரும்பகுதி வாடகைச் சாமான், கொடுக்க அவர்களுக்கே உரிமை இருக்காது. சொந்தமாக வாங்கியவை எவை என்று கேட்டு, கொள்முதல் ஒப்பந்தத்திலேயே உங்கள் பள்ளியின் பெயரை எழுத வையுங்கள்.

பள்ளி மைதானத்தை வண்டி நிறுத்தவோ முகாம் போடவோ கேட்டால் எழுத்தில் ஒப்பந்தமில்லாமல் கொடுக்காதீர்கள். 2010க்காக நெல்ஸ்ப்ரைட்டில் ம்பொம்பெலா அரங்கம் கட்டியபோது, அந்த இடத்திலிருந்த இரண்டு பள்ளிகளைக் காலி செய்தார்கள். பள்ளிக் கட்டடம் ஒப்பந்ததாரர்களின் அலுவலகமாயிற்று. பிள்ளைகளும் ஆசிரியர்களும் வெயிலில் கொதிக்கும் தற்காலிக அறைகளுக்குப் போனார்கள். வாக்களித்த புதிய பள்ளிகள் தாமதமானபோது மக்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. அங்கே பாடம் நடத்திய ஆசிரியர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

வாக்குறுதியை வரவாக எழுதவும் வேண்டாம். 2022 காமன்வெல்த் போட்டிகள் 2015இல் டர்பனுக்குத் தரப்பட்டு, 2017 மார்ச்சில் பறிபோனது நமக்குத் தெரியும். 2027 பட்ஜெட்டைப் பெற்றோர் கூட்டத்தில் வைக்கக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதில் ரிலீஃப் ஆசிரியர் ஊதியம், நகலெடுப்பு ஆகிய செலவுத் தலைப்புகளை மட்டும் திறந்து வையுங்கள். பணம் வந்தால் சேரும் இடம் தயாராக இருக்கும்.

தமிழ் வகுப்புக்கு வருகிறேன். சபை அரசுப் பள்ளி இல்லை என்பதால் 38ஏ அங்கே பொருந்தாது. ஆனால் வரிச்சான்று தர சபைக்கே தனியாக ஒப்புதல் வேண்டும். அது இல்லையென்றால் பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள்: ஓர் அலமாரி, ஒரு புரொஜெக்டர், வாசிப்புத் தாள்கள் அச்சிடும் செலவு. வகுப்பெடுப்பவர்கள் தொண்டாக வருகிறவர்கள் என்றால் பெட்ரோல் செலவை, தேதியும் கிலோமீட்டரும் எழுதிய குறிப்பேட்டை வைத்துத் திருப்பித் தரலாம். அவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்களாக இருந்து சம்பளமே தருவதானால் துறையின் அனுமதி வேண்டும்.

கிரிக்கெட்டையே பாடமாக்கவும் வழி உண்டு. ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்குத் தமிழில் பத்துக்கு மேல் எண்ணத் தடுமாற்றம். ஓர் ஆட்டத்தின் பதிவை ஓட விட்டு, ஸ்கோரைத் தமிழிலேயே சொல்லி எழுத வையுங்கள். தொண்ணூற்றொன்பதுக்கும் நூற்றொன்றுக்கும் இடையில் சொல் எப்படி மாறுகிறது, "இருநூற்று எழுபத்தைந்து" என்பதில் நூறு ஏன் நூற்றாகிறது என்பதெல்லாம் பந்துக்குப் பந்து வாயில் பழகும். 50 ஓவர் வேண்டாம், கடைசி பத்து ஓவர் போதும், ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடியும். பெரிய தாளில் தமிழ்த் தலைப்புகளோடு ஸ்கோர் படிவம் ஐம்பது அச்சடித்துத் தரும்படி விளம்பரதாரரிடம் கேளுங்கள். படிவத்தின் மாதிரியை வகுப்பெடுப்பவரே வரைந்து கொடுக்கட்டும். ஓட்டம், பந்து, விக்கெட், ஓவர் என்று நான்கு பத்தி இருந்தால் போதும்.

அன்புடன்.