பாதி வழக்கில் அப்பீல் போகலாமா?

கே: எங்கள் வழக்கில் ஒரு பழைய ரசீதைச் சான்றாவணமாக ஏற்க நீதிபதி மறுத்துவிட்டார். உடனே உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போடலாமா? (தண்டையார்பேட்டை வாசகர்)

ப: பாரிமுனையில் சிட்டி சிவில் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் ஒரே வளாகம்தான், நடக்கும் தூரம். அதற்காக ஒவ்வொரு உத்தரவையும் தூக்கிக்கொண்டு ஓடினால் வழக்குக் கட்டு மேலும் கீழும் அலையுமே தவிர, சாட்சி விசாரணை நகராது. அப்புறம், அந்த ரசீது இல்லாமலேயே நீங்கள் ஜெயித்துவிடலாம். அப்போது மேலே வாதாடியதெல்லாம் வீண். அதனால்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96-வது பிரிவு, தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் முறையான ஆணை) வந்த பிறகு அப்பீல் என்கிறது. உங்கள் குறை தொலைந்துபோகாது. 105-வது பிரிவின்படி இறுதி அப்பீலில் அதையும் ஒரு காரணமாக எழுதலாம். ஆட்சேபணையை மட்டும் இப்போதே பதிவு செய்ய வையுங்கள்.

கே: அப்படியானால் எதிர்த்தரப்பு மட்டும் பாதியில் சி.எம்.ஏ. (உத்தரவை எதிர்த்துப் போடும் அப்பீல்) போட்டது எப்படி? (வியாசர்பாடி வாசகர்)

ப: அது தடையாணை சம்பந்தப்பட்டதாக இருக்கும். சுவரை இடித்த பிறகு தீர்ப்பு வந்து என்ன பயன்? அந்த மாதிரி உத்தரவுகளுக்கு அதே சட்டத்தின் கட்டளை (Order) 43-இல் தனிப் பட்டியலே இருக்கிறது.

கே: பாகப்பிரிவினை வழக்கில் அக்காவுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று போன வருடம் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது. இறுதித் தீர்ப்பாணை வரட்டும், சேர்த்து அப்பீல் போடலாம் என்று இருக்கிறோம். சரிதானே? (ராயபுரம் வாசகர்)

ப: சரியில்லை. பாகப்பிரிவினைக் கட்டுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். 'இறுதி' என்ற சொல் ஆளை ஏமாற்றிவிடுகிறது. யாருக்கு எத்தனை பங்கு என்பது முதல்நிலையிலேயே முடிந்துவிட்டது. இனி நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் வந்து டேப் பிடித்து, மாடிப்படி யாருக்கு, தண்ணீர்த் தொட்டி யாருக்கு என்று அளப்பார். அளந்து முடித்த பிறகு பங்கே தப்பு என்றால் கோடெல்லாம் அழித்துப் போட வேண்டும். அதனால் முதல்நிலைத் தீர்ப்பாணைக்கு அப்பீல் போடாதவர், இறுதி அப்பீலில் பங்கைக் கேள்வி கேட்க முடியாது என்று 97-வது பிரிவு கதவை மூடிவிடுகிறது. இப்போது உங்களுக்கு இருப்பது, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு அப்பீல் போடுவதுதான். 'காத்திருந்தோம்' என்பது மட்டும் காரணமாக எடுபடுவது கஷ்டம். இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.

கே: தீர்ப்பு வந்துவிட்டது. எத்தனை நாள் அவகாசம்? (பெரம்பூர் வாசகர்)

ப: உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், மற்ற நீதிமன்றத்துக்கு 30 நாள். அதற்குள் தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்டால், நகல் கிடைக்க ஆகும் நாட்களைக் கழித்துவிடுவார்கள்.